மந்திரம் மலிந்துவிட்டதா, வறண்டுவிட்டதா: மேசையில் தெரியும் அறிகுறியை வைத்துப் பிழை நீக்குவது

டி அண்ட் டி (டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்) மாதிரி, ஆளுக்கொரு கேரக்டரோடு பகடை உருட்டி மேசையில் ஆடும் கதை விளையாட்டுகளைப் பற்றியது இது. பல நாள் தொடரும் ஒரே கதைதான் கேம்பெயின், அதை நடத்துபவர் டிஎம். "நம்ம கேம்பெயினில் மந்திரம் ரொம்ப மலிவாகிவிட்டது" என்று ஒரு டிஎம் புலம்பும்போது, அது ஐந்தாறு வெவ்வேறு கோளாறுகளில் எதுவாகவும் இருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. ஆனால் எல்லாரும் முதலில் கைவைப்பது ஒரே இடத்தில்தான்: விசார்ட் கிளாஸை (மந்திரவாதி என்ற கேரக்டர் வகையை) தடை செய்வது, இல்லையென்றால் இனி ஒரு மந்திர வாள்கூடக் கொடுப்பதில்லை என்று சபதம் எடுப்பது. இரண்டுமே ஆட்டக்காரர் கையிலிருந்து ஒன்றைப் பிடுங்கும் வேலை, அதனால் இரண்டையும் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். நான் பார்த்தவரை பாதிக்கு மேற்பட்ட புகார்கள், புத்தகத்தில் ஏற்கெனவே இருக்கும் ஒரு விதியை மேசையில் யாரும் பயன்படுத்தாததால் வருபவை.

கீழே வரும் எண்கள் டி அண்ட் டி 5-ஆம் பதிப்பின் 2014 விதிகளைச் சேர்ந்தவை. வேறு ஆட்டமென்றால் அங்கேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் மேசையில் எது தெரிகிறதோ நேராக அந்தத் தலைப்புக்குப் போங்கள்.

அறிகுறி: மந்திரப் பொருள் கிடைத்தால் யாரும் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை

பெட்டியைத் திறக்கிறார்கள், உள்ளே ஒரு +1 வாள் (பகடை எண்ணோடு 1 கூட்டித் தரும் மந்திர வாள்), "சரி, பையில் போடு, அப்புறம்?" என்கிறார்கள்.

முதல் சோதனைக்குக் காசு செலவில்லை. அடுத்த செஷன் (ஒரு நாள் ஆட்டம்) தொடங்கும்போது, கேரக்டர் ஷீட்டை (கேரக்டரின் விவரத் தாளை) பார்க்காமல் தங்களிடம் இருக்கும் மந்திரப் பொருட்களைச் சொல்லச் சொல்லுங்கள். யாருக்கும் நினைவுக்கு வராத பொருள் வெறும் எண். எண்ணைப் பார்த்து யாரும் வியக்க மாட்டார்கள், அதில் ஆட்டக்காரர் தப்பு ஒன்றும் இல்லை. அடுத்த முறை எண் இல்லாத, ஆனால் ஒரு வேலை செய்யும் பொருளைக் கொடுத்துப் பாருங்கள். 2017-இல் வந்த ஸனத்தார் கையேடு என்ற கூடுதல் விதிநூலில் 'மூன்-டச்ட் ஸ்வோர்ட்' என்று ஒன்று இருக்கிறது. இருட்டில் உறையிலிருந்து உருவினால் நிலா வெளிச்சம் தரும், அவ்வளவுதான், தாக்குதலுக்கு ஒரு புள்ளிகூடக் கூடாது. முதல் லெவல் ஃபைட்டரிடம் (இப்போதுதான் தொடங்கிய போர்வீரரிடம்) இதைக் கொடுத்தால் ஒவ்வொரு குகை வாசலிலும் அவரே முன்னால் போய் நிற்பார்.

இரண்டாவது, அட்யூன்மென்ட். ஒரு கேரக்டர் ஒரே நேரத்தில் 3 பொருட்களோடு மட்டும்தான் பிணைந்திருக்க முடியும். அந்த மூன்று எவை என்று கேளுங்கள். "எல்லாமே போட்டிருக்கேனே" என்று பதில் வந்தால் கோளாறு கிடைத்துவிட்டது. வரம்பைத் திரும்பக் கொண்டுவந்ததுமே எதை வைத்துக்கொள்வது, எதை அடுத்தவருக்குக் கொடுப்பது என்று பேச்சு கிளம்பும். பொருள்மேல் அக்கறை வருவது அந்தப் பேச்சில்தான்.

மூன்றாவது, கடை. விலைச்சீட்டு தொங்கும் மந்திரக் கடை ஊருக்கு ஒன்று வைத்திருக்கிறீர்களா? அதை மூட வேண்டாம், சரக்கை மட்டும் அலமாரியிலிருந்து எடுத்துவிடுங்கள். ஸனத்தார் விதிப்படி மந்திரப் பொருள் வாங்க ஆள் தேடவே ஒரு வேலை வாரமும் குறைந்தது 100 தங்கக் காசும் போகும், என்ன கிடைக்கும் என்பது பகடை கையில். விலையை ஏற்றுவதைவிட இது நன்றாக வேலை செய்கிறது. விலையை ஏற்றினால் ஆட்டக்காரர்கள் காசு சேர்ப்பார்கள், ஆள் தேட விட்டால் ஊரோடு பேசுவார்கள்.

இவ்வளவும் செய்தும் மாறவில்லை என்றால் நீங்கள் ஆடும் விதிநூலைப் பாருங்கள். டி அண்ட் டியின் பழைய 3.5 பதிப்பில் 10-ஆம் லெவல் கேரக்டரிடம் 49,000 தங்கக் காசு மதிப்புள்ள சாமான் இருக்கும் என்று கணக்கிட்டுத்தான் அரக்கர்களை எழுதியிருக்கிறார்கள். அங்கே மந்திர வாள் சம்பள உயர்வு மாதிரி, வராவிட்டால் கோபம் வரும், வந்தால் நன்றி வராது. அதோடு சண்டை போட வேண்டாம், கடைசித் தலைப்புக்குப் போங்கள்.

அறிகுறி: பசி, இருட்டு, காட்டில் தூங்குவது எதற்கும் பயமில்லை

*பசி போய்விட்டதா?*

எல்லாரும் குட்பெர்ரியைத்தான் திட்டுவார்கள், பசியாற்றும் பழங்களை உண்டாக்கும் மந்திரம் அது. அதற்கு முன் ஷீட்டில் 'அவுட்லேண்டர்' என்று யாராவது எழுதியிருக்கிறார்களா என்று பாருங்கள். அந்தப் பின்னணி உள்ளவர், நிலத்தில் கிடைக்கும் இடமாக இருந்தால், தனக்கும் இன்னும் ஐந்து பேருக்கும் தினமும் உணவும் நீரும் கண்டுபிடித்துவிடுவார். இதில் மந்திரமே இல்லை. அவரை வைத்துக்கொண்டு குட்பெர்ரி போடும் ட்ரூயிட்டின் (இயற்கை மந்திரக்காரரின்) மந்திரத்தைப் பிடுங்கினால் ஒரு ஆட்டக்காரரின் வருத்தம்தான் மிச்சம். இந்தக் கேம்பெயினில் பசி முக்கியம் என்றால் முதல் நாளே சொல்லி, வேறு பின்னணி எடுக்கச் சொல்லுங்கள்.

அவுட்லேண்டர் இல்லை, குட்பெர்ரிதான் காரணம் என்றால், அது எந்த ஸ்லாட்டில் (ஓய்வெடுத்தால் திரும்பக் கிடைக்கும் மந்திரப் பங்கில்) வருகிறது என்று கவனியுங்கள். ஒரு முதல் லெவல் ஸ்லாட்டில் 10 பழம், ஒரு பழம் ஒருவருக்கு ஒரு நாள் சாப்பாடு. முதல் லெவல் ட்ரூயிட்டுக்கு மொத்தம் 2 ஸ்லாட்தான், ஆக இது அன்றைய பலத்தில் பாதி. கேட்க நல்ல விலை மாதிரித்தான் இருக்கிறது. ஆனால் நாளுக்கு ஒரு சண்டைதான் வருகிறது என்றால் ராத்திரி தூங்கப்போகும் முன் மிச்சம் கிடக்கும் ஸ்லாட்டைப் பழமாக்கிவிடுவார்கள், பழம் 24 மணி நேரம் தாங்கும், செலவு பூஜ்யம். அப்படியானால் கோளாறு உங்கள் நாளின் நீளத்தில். டன்ஜன் மாஸ்டர் கையேடு ஒரு சாகச நாளில் 6 முதல் 8 நடுத்தர அல்லது கடின மோதல்களைப் பார்ட்டி (கேரக்டர்களின் குழு) தாங்கும் என்று வைத்து எழுதப்பட்டது. பயணத்தில் அத்தனை மோதல் வைத்தால் யாருக்கும் பொறுமை இருக்காது.

இதற்கு அதே கையேட்டில் மாற்று விதி இருக்கிறது: ஷார்ட் ரெஸ்ட் (சின்ன ஓய்வு) 8 மணி நேரம், ஸ்லாட்டைத் திரும்பத் தரும் லாங் ரெஸ்ட் (முழு ஓய்வு) 7 நாள். இப்போது ஒரு ஸ்லாட் போனால் ஒரு வாரத்துக்கு வராது, குட்பெர்ரி போடுவதா பாம்புக்கடிக்கு வைத்துக்கொள்வதா என்று ட்ரூயிட் உண்மையிலேயே யோசிப்பார். கேம்பெயின் முழுக்க இதை ஓட்ட எனக்கு மனமில்லை. 8 மணி நேரம் நிற்கும் மேஜ் ஆர்மர் மாதிரி மந்திரங்கள் அடிபட்டுப்போகின்றன. காட்டிலும் பாலைவனத்திலும் மட்டும் இந்தக் கணக்கு, குகைக்குள் வழக்கமான கணக்கு என்று பிரித்தால் பெரிய சச்சரவு வருவதில்லை. ஆனால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், பாதி வழியில் அறிவித்தால் அது தண்டனை மாதிரி இருக்கும்.

*இருட்டு போய்விட்டதா?*

லைட் கேன்ட்ரிப்மேல் (ஸ்லாட் செலவில்லாமல் வெளிச்சம் தரும் சின்ன மந்திரத்தின்மேல்) பழி போடாதீர்கள். அது ஒரு மணி நேரம் எரியும், 20 அடி பிரகாசம், அதற்கப்பால் 20 அடி மங்கல். தீப்பந்தமும் அச்சு அசல் அதேதான். கோளாறு பெரும்பாலும் டார்க்விஷனில், அதாவது இருட்டில் பார்க்கும் திறனில். அதை வைத்திருப்பவர் முழு இருட்டைப் பகல் மாதிரி பார்ப்பதாக மேசையே நம்பிக்கொண்டிருக்கும். விதிப்படி இருட்டு அவருக்கு மங்கல் ஒளிதான், மங்கலில் கண்ணால் கவனிக்கும் சோதனைக்கு டிஸ்அட்வான்டேஜ் (பகடையில் பாதகம்), பேசிவ் பெர்செப்ஷன் (தேடாமலே கவனிக்கும் திறனின் எண்) 5 குறையும். இதை ஒருமுறை அமல்படுத்தி, ஒரு கம்பிப் பொறியில் காலை விட வைத்தால் போதும், அவர்களே பந்தம் கொளுத்துவார்கள்.

*ராத்திரி பயம் போய்விட்டதா?*

டைனி ஹட்தான் காரணம். பார்ட்டியைச் சுற்றிப் பாதுகாப்புக் கூடு எழுப்பும் மூன்றாம் லெவல் மந்திரம், ரிச்சுவலாக (நிதானமாக, சடங்காக) போட்டால் ஸ்லாட்டும் போகாது, 8 மணி நேரம் உள்ளே எதுவும் வராது. ஆனால் போட்டவர் வெளியே காலை வைத்தால் முடிந்தது, டிஸ்பெல் மேஜிக்கும் அதைக் கலைக்கும். அந்த 8 மணி நேரமும் எதிரிக்கும் நேரம்தான்: சுற்றி வளைக்கலாம், பள்ளம் வெட்டலாம், ஆள் அனுப்பலாம். தினமும் இப்படிச் செய்தால் டிஎம் வஞ்சம் தீர்ப்பது அப்பட்டமாகத் தெரியும், புத்தியுள்ள எதிரி இருக்கும் பகுதியில் மட்டும் செய்யுங்கள்.

அறிகுறி: கொலை மர்மம் ஒரே மந்திரத்தில் முடிந்துவிடுகிறது

தயவுசெய்து குற்றவாளி விரலில் திடீரென்று ஒரு 'உண்மை கண்டறிய முடியாத மோதிரம்' மாட்டாதீர்கள். ஆட்டக்காரருக்கு அது உடனே தெரிந்துவிடும்.

முதலில் மந்திரத்தின் விவரத்தை முழுசாகப் படியுங்கள். ஸோன் ஆஃப் ட்ரூத் பொய் சொல்வதைத்தான் தடுக்கும், வாயைத் திறக்க வைக்காது. மந்திரம் தன்மேல் இருப்பது அந்த ஆளுக்குத் தெரியும், மழுப்பலாம், பேசாமலும் இருக்கலாம். பிணத்தைப் பேச வைக்கும் ஸ்பீக் வித் டெட்டில் ஐந்தே கேள்வி, பிணத்துக்கு வாய் இருக்க வேண்டும், உயிரோடு இருந்தபோது தெரிந்தது மட்டும்தான் அதற்குத் தெரியும், கேட்பவர் எதிரி என்றால் உண்மை சொல்ல வேண்டிய கட்டாயமும் இல்லை. ஒருமுறை கேட்டால் அடுத்த 10 நாள் அதே பிணத்திடம் மறுபடி இந்த மந்திரம் எடுபடாது.

இரண்டாவது, உங்கள் ஊரில் இந்த மந்திரம் எவ்வளவு தெரிந்த விஷயம் என்று முடிவுசெய்யுங்கள். இங்கேதான் நிறைய பேர் குழம்புகிறார்கள். தலைநகரில் எல்லாருக்கும் தெரியும் என்றால் கொலைகாரனுக்கும் தெரியும்: முகமூடி போடுவான், பின்னாலிருந்து குத்துவான், தாடையை எடுத்துக்கொண்டு போவான். நீதிமன்றத்துக்கும் தெரியும், அந்நியர் ஒருவர் பிரபுமேல் மந்திரம் போட்டு வாங்கிய வாக்குமூலம் செல்லாது என்று சட்டமே இருக்கும். மலையடிவாரக் கிராமத்தில் யாருக்கும் தெரியாது என்றால் தாடை அங்கேயே இருக்கட்டும், மந்திரம் வெல்லட்டும், ஐந்து நிமிடத்தில் பெயர் வெளியே வரட்டும். மந்திரத்தையே பார்த்திராத ஊர்ப் பெரியவர்களிடம் "பிணம் சொன்னது" என்று சொல்லி நம்ப வைப்பதுதான் மீதி செஷன். ஊருக்கு ஒரு கணக்கு, குற்றவாளிக்கு ஒரு கணக்கு என்று வைத்தால்தான் மோசடி மாதிரி படும்.

அறிகுறி: "கோயிலில் கிளெரிக் இருக்கும்போது ஊர் ஏன் கொள்ளைநோயில் சாகிறது?"

கிளெரிக் என்றால் தெய்வ அருளால் மந்திரம் போடுபவர். இந்தக் கேள்வி வந்தால் எரிச்சல் படாதீர்கள். உங்கள் உலகத்தை ஒருவர் நிஜமாக எடுத்துக்கொண்டிருக்கிறார். "அது அப்படித்தான்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், அதோடு அவர் கேள்வி கேட்பதை விட்டுவிடுவார்.

ஒரு சின்ன அட்டையில் மூன்று வரி எழுதுங்கள்: யாரால் முடியும், நாளுக்கு எத்தனை முறை, என்ன விலை. பதில் அதிலேயே வந்துவிடும்.

யாரால் முடியும்? கோயிலில் மணியடிப்பவர் எல்லாரும் கிளெரிக் இல்லை என்று ப்ளேயர் கையேடே சொல்கிறது. எதிரிகளின் பட்டியல் நூலான மான்ஸ்டர் மேனுவலில் வரும் அகோலைட் (தொடக்கநிலைப் பூசாரி) முதல் லெவல் மந்திரம் மட்டும் போடுவார், அவரிடம் இருக்கும் க்யூர் வூண்ட்ஸ் காயத்தைத்தான் ஆற்றும், நோயைத் தொடாது. நோயைத் தீர்க்க லெஸ்ஸர் ரெஸ்டரேஷன் வேண்டும், அதற்கு 'ப்ரீஸ்ட்' என்று போட்டிருக்கும் ஆள் வேண்டும்.

எத்தனை முறை? அந்த ப்ரீஸ்டுக்கு இரண்டாம் லெவல் ஸ்லாட் 3, மூன்றாம் லெவல் 2. இரண்டையும் இதற்கே செலவழித்தால் நாளுக்கு 5 நோயாளி. முந்நூறு பேர் இருக்கும் ஊரில் தினம் இருபது பேருக்குப் புதிதாக நோய் வந்தால் அவர் தோற்றுக்கொண்டேதான் இருப்பார், குணமானவருக்கு மறுபடி வராது என்றும் மந்திரம் உத்தரவாதம் தருவதில்லை.

என்ன விலை? ஊரிலோ நகரத்திலோ முதல், இரண்டாம் லெவல் மந்திரம் ஒன்றைப் போட்டுக்கொள்ள 10 முதல் 50 தங்கக் காசு ஆகலாம். கூலிக்காரரின் நாள் சம்பளம் 2 வெள்ளி. ஒரு தங்கத்துக்குப் பத்து வெள்ளி, ஆக மிகக் குறைந்த விலையே 50 நாள் கூலி, மேல் விலை 250 நாள் கூலி. அதே கணக்கில் கடையில் 50 தங்கத்துக்கு விற்கும் சாதா ஹீலிங் போஷன் (காயமாற்றும் மந்திர மருந்து) ஒன்று ஏறக்குறைய ஒரு வருடக் கூலி. பார்ட்டி அதைச் சோடா மாதிரி குடிக்கும்போது பக்கத்தில் நிற்கும் குடியானவர் முகத்தை ஒருமுறை வர்ணித்துப் பாருங்கள்.

கோயில் இலவசமாகச் செய்யும் என்றாலும் சரி, அந்த 5 பேர் யார் என்று யாரோ ஒருவர் தீர்மானித்தாக வேண்டும். சாகசத்துக்கு அதைவிட நல்ல தொடக்கம் வேண்டுமா?

கணக்கு போட்ட பிறகும் "என் நாட்டில் ப்ரீஸ்டுகள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள்" என்றால் எதிர்ப்பக்கம் போங்கள், தெருவில் அதைக் காட்டுங்கள். 2004-இல் வந்த எபெரான் என்ற டி அண்ட் டி கற்பனை உலகம் அதைத்தான் செய்தது: சின்ன மந்திரம் தொழிலாகிவிட்ட உலகம், மின்னல் ரயில், அணையாத தெருவிளக்கு, குணமாக்குவதையே குடும்பத் தொழிலாக நடத்தும் ஒரு வம்சம். ஆனால் பெரிய மந்திரம் போடுபவர் அங்கேயும் அபூர்வம். அகலமாகப் பரவியிருக்கிறது, உயரமாக இல்லை. இந்த வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டால் பாதிக் கேள்விகள் அடங்கிவிடும். தெருவிளக்கு மந்திரத்தில் எரிவதால் இறந்த அரசரை நாளைக் காலை எழுப்பிவிட முடியும் என்று ஆகாது.

அறிகுறி: சாவதற்கு யாரும் பயப்படுவதில்லை

வைரத்தை எண்ணுங்கள். செத்தவரை எழுப்பும் மந்திரங்களில் ரெவிவிஃபைக்கு 300 தங்கம் மதிப்புள்ள வைரம், ரெய்ஸ் டெட்டுக்கு 500, இரண்டிலும் வைரம் கரைந்துபோகும். முதலாவது செத்து ஒரு நிமிடத்துக்குள், இரண்டாவது 10 நாளுக்குள். "பணம் இருக்கு, வாங்கினதா வெச்சுக்கோங்க" என்று விட்டுக்கொண்டிருந்தால் கோளாறு அதுதான். இந்த ஊரில் எத்தனை வைரம் இருக்கிறது, யாரிடம் என்று எழுதிவையுங்கள். மந்திரத்தைத் தடை செய்ய வேண்டிய அவசியம் வந்து நான் பார்த்ததில்லை.

அறிகுறி: மந்திரத்தைக் குறைத்தோம், இப்போது எல்லாரும் சண்டையில் சாகிறார்கள்

எந்த ஆட்டம் என்பதுதான் முதல் கேள்வி.

*5-ஆம் பதிப்பு என்றால்:* அடிப்படைக் கணக்குக்கு மந்திரப் பொருள் தேவையில்லை, அதனால் +1 வாள் இல்லாதது காரணமாக இருக்காது. எதிரியைப் பாருங்கள். வேர்வுல்ஃப் (ஓநாய் மனிதன்), மந்திரமோ வெள்ளிப்பூச்சோ இல்லாத ஆயுதத்தின் அடியை முழுசாக உதறிவிடும். 2014 புத்தகத்தில் இப்படி எதிர்ப்பு உள்ள அரக்கர்கள் நிறைய. மலிவான வழி, ஆயுதத்துக்கு வெள்ளி பூசுவது, 100 தங்கம். அதைவிட மலிவு, அந்த வரியை அடித்துவிடுவது. 2025-இல் வந்த புதிய மான்ஸ்டர் மேனுவலே பெரும்பாலும் அதைத்தான் செய்திருக்கிறது. அடுத்தது வைத்தியம்: கிளெரிக் இல்லாத பார்ட்டிக்கு ஷார்ட் ரெஸ்டில் ஹிட் டைஸ் (காயத்தை ஆற்றிக்கொள்ளும் பகடை) உருட்ட நேரம் கொடுக்கிறீர்களா? ஒருவர் 'ஹீலர்' ஃபீட் (சிறப்புத் திறன்) எடுத்தால் 5 தங்க மருத்துவப் பையே மந்திரத்தின் இடத்தில் ஓரளவு நிற்கும்.

*பாத்ஃபைண்டர் 2 என்றால்:* இது தனி ஆட்டம், கதை வேறு. 4-ஆம் லெவலில் ஃபைட்டர் ஆயுதத்தில் ஸ்ட்ரைக்கிங் ரூன் என்ற மந்திரக் குறி இருக்கும், அடிக்குக் கூடுதலாக ஒரு பகடை விழும் என்று நம்பித்தான் அரக்கர்கள் எழுதப்பட்டிருக்கிறார்கள். பொருளைக் கொடுக்காமல் விட்டால் தோற்கத்தான் செய்வார்கள். 'ஆட்டோமேட்டிக் போனஸ் ப்ரொக்ரெஷன்' என்ற மாற்று விதி இதற்காகவே இருக்கிறது: அந்த எண்கள் லெவலோடு தானாக வந்துவிடும், வாள் வெறும் வாளாக இருக்கலாம். டி அண்ட் டி 4-ஆம் பதிப்பிலும் 2009-இல் வந்த இரண்டாம் டன்ஜன் மாஸ்டர் கையேட்டில் இதே மாதிரி ஒரு விதி உண்டு.

அறிகுறி: விசார்ட் ஆடுபவர் ஒவ்வொரு செஷனிலும் முகம் சுளிக்கிறார்

'மந்திரம் அபூர்வம்' என்ற உலகத்தில் விசார்டுக்கு அனுமதியும் கொடுத்துவிட்டு, ஊருக்கு ஊர் அவரைக் கட்டிவைத்து எரிக்க வருகிறார்களா? மந்திரம் அபூர்வம் என்றால் மக்கள் வியக்கவும் வேண்டும், கும்பிடவும் வேண்டும், மகளுக்குக் குழந்தை இல்லை என்று வந்து அழவும் வேண்டும். வெறுப்பு மட்டும்தான் எதிர்வினை என்றால் நீங்கள் அந்த கிளாஸை மறைமுகமாகத் தடை செய்திருக்கிறீர்கள், அதற்கு நேரடியாகவே சொல்லிவிடலாம். சோதனை: கடந்த சில செஷன்களில் மந்திரத்தால் அவருக்கு ஒரு கதவாவது திறந்ததா?

எப்போது சொந்த ரிப்பேரை நிறுத்த வேண்டும்

உங்கள் வீட்டு விதிகள் (நீங்களே சேர்த்த விதிகள்) ஒரு பக்கத்தைத் தாண்டினால் நிறுத்துங்கள். ஒரு கிளாஸின் மந்திரப் பட்டியலையே திருத்தி எழுத உட்கார்ந்துவிட்டால் அன்றைக்கே நிறுத்துங்கள். இந்தத் தொழிலில் நிபுணரைக் கூப்பிடுவது என்றால், அதே கோளாறை வைத்து யாரோ வருடக்கணக்கில் சோதித்து எழுதிய வேறு விதிநூலை எடுப்பது.

மந்திரம் ஆபத்தாக இருக்க வேண்டும் என்பது உங்கள் ஆசை என்றால் டன்ஜன் க்ரால் கிளாசிக்ஸ்: ஒவ்வொரு மந்திரத்துக்கும் பகடை, இயல்பான 1 விழுந்தால் விசார்டின் உடம்பே கோணலாகலாம். இருட்டும் தீப்பந்தமும் முக்கியம் என்றால் 2023-இல் வந்த ஷேடோடார்க், அங்கே ஆட்டக்காரர் யாருக்கும் டார்க்விஷன் கிடையாது, பந்தம் கடிகாரத்தில் நிஜமான ஒரு மணி நேரம் எரிந்து அணையும். மந்திரக்காரர் கிளாஸே இல்லாத 5-ஆம் பதிப்பு வேண்டும் என்றால் 2016-இன் அட்வென்சர்ஸ் இன் மிடில்-எர்த், பயணத்தின் நடுவே நினைத்த இடத்தில் லாங் ரெஸ்ட் எடுக்க முடியாது என்பதையும் அதிலேயே செய்துவைத்திருக்கிறார்கள். எல்லாருக்கும் கொஞ்சம் மந்திரம் தெரியும் என்ற உலகம் வேண்டுமென்றால் ரூன்க்வெஸ்ட், 1978-லிருந்து அதைத்தான் செய்துவருகிறது.

மாறுவதற்கு முன் மேசையில் எல்லாரையும் கேளுங்கள், முக்கியமாக இப்போது மந்திரக்காரராக ஆடுபவரை. அவர் ஒத்துக்கொள்ளாத மாற்றம் இரண்டு செஷன் தாங்காது. அப்புறம் பழைய கேரக்டர்களைப் புதிய விதிக்கு மொழிபெயர்க்க உட்காராதீர்கள், 7-ஆம் லெவல் ட்ரூயிட்டுக்குப் புதிய நூலில் ஈடே இருக்காது. தயாராகக் கிடைக்கும் கேரக்டர்களை வைத்து ஒரே ஒரு இரவு ஆடுங்கள், பழைய கேம்பெயினை அந்த இரவு முடியும்வரை மூடவும் வேண்டாம்.